ஊக்கமருந்து, பொதுமன்னிப்பு, உண்மை: சைக்கிளோட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியால் விடியற்காலையில் பயிற்சிக்குப் போகும் இளம் சைக்கிளோட்ட வீரர்களுடன் சில வருடங்களாக நானும் உதவிக்குச் சென்று வருகிறேன். வெயில் ஏறிக் கச்சான் காற்று பலமாக வீசத் தொடங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் ஓட்டத்தின் நடுவே கதைக்க நேரமிருப்பதில்லை. உப்புவெளியில் தேநீருக்கு நிற்கும் கால் மணி நேரத்தில்தான் கேள்விகள் எல்லாம் வரும். அண்மைக் காலமாக அவற்றில் பாதிக்கு மேல் ஊக்கமருந்து பற்றியவை. பெற்றோரும் கேட்கிறார்கள். "பிழை செய்தவன் தானாக வந்து சொன்னால் விட்டுவிடலாம்தானே, ஏன் இவ்வளவு இழுபறி?" என்று ஒரு தாய் கேட்டார். அவருக்குத் தேநீர்க் கடையில் நின்றுகொண்டு பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

பொதுமன்னிப்பு என்று சொல்லும்போது சரியாக எதைக் குறிக்கிறார்கள்?

வெவ்வேறான மூன்று ஏற்பாடுகளை ஒரே சொல்லால் அழைப்பதால்தான் இந்த விவாதம் அடிக்கடி குழம்பிப்போகிறது. முதலாவது முழுமையான பொதுமன்னிப்பு. குறித்த ஒரு திகதிக்கு முன் நடந்த எதற்கும் தண்டனை இல்லை. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கணக்கு மூடப்படும். இரண்டாவது நிபந்தனையுடன் கூடிய மன்னிப்பு. முழு உண்மையையும் சொன்னவருக்கு மாத்திரம் விடுதலை, மறைத்தவருக்கு முழுத் தண்டனை. மூன்றாவது தண்டனைக் குறைப்பு. இது இப்போதே நடைமுறையில் இருக்கிறது. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகவராண்மையின் விதிக்கோவைப்படி, பிறருடைய மீறல்களைக் கண்டுபிடிக்கப் பெருமளவில் உதவுகின்ற வீரரின் தடைக்காலத்தில் நான்கில் மூன்று பங்குவரை நிறுத்திவைக்கலாம். அவருக்கு எதிராக வேறு எந்தச் சான்றும் இல்லாத வேளையில் அவரே முன்வந்து ஒப்புக்கொண்டால் தடை பாதிவரை குறையலாம். வேண்டுமென்றே செய்த மீறலுக்கு 2015 முதல் நான்கு ஆண்டுத் தடை என்பதையும், பத்து ஆண்டுகள் கடந்த மீறலுக்கு நடவடிக்கை எடுக்க முடியாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒருவர் உண்மை சொல்வதற்கும் வாய் திறக்காமல் காலம் கடத்துவதற்கும் இடையில் என்ன கணக்குப் போடுவார் என்பது விளங்கும்.

என் சார்பு இரண்டாவது ஏற்பாட்டின் பக்கம். ஏன் என்பதைக் கீழே உள்ள பதில்களில் சொல்கிறேன்.

எல்லா விளையாட்டிலும் மருந்து இருக்கிறது. சைக்கிளோட்டத்தில் மட்டும் இந்தப் பேச்சு ஏன் இவ்வளவு பெரிதாக எழுந்தது?

சைக்கிளோட்டத்தில் நீண்ட காலமாக இது தனியொருவர் ஒளித்துச் செய்யும் பிழையாக இருக்கவில்லை. அணி, வைத்தியர், உடல் பிடித்துவிடுபவர், வாகனச் சாரதி என்று எல்லோரும் கை கொடுத்த ஒரு தொழிலாகவே இருந்தது. 1967இல் பிரித்தானிய வீரர் டொம் சிம்ப்சன் மோன் வொன்டூ மலை ஏற்றத்தில் விழுந்து இறந்தபோது அவருடைய உடலில் அம்பெட்டமின் என்ற ஊக்கமருந்து இருந்தது. அதற்குப் பிறகும் எதுவும் நிற்கவில்லை. 1990களில் ஈ.பி.ஓ. என்ற மருந்து வந்தபின் நிலைமை இன்னும் மோசமானது. சிறுநீரகம் இயல்பாகச் சுரக்கும் ஓமோன் ஒன்றை மருந்தாகச் செய்து ஊசியால் ஏற்றினால் இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகும். தசைக்குக் கூடுதல் ஒட்சிசன் போகும். மூன்று வாரம் மலையும் சமவெளியுமாக ஓடும் டூர் டி பிரான்ஸ் போன்ற போட்டியில் அது வெற்றி தோல்வியையே மாற்றிவிடும். அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை 2000ஆம் ஆண்டுவரை இருக்கவில்லை. ஆகவே சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் 1997இல் ஒரு வரம்பு வைத்தது: இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் போட்டியில் ஓடக்கூடாது. வீரர்கள் அந்த வரம்பை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை, அதுவரை நிரப்பலாம் என்ற அனுமதியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

1998இல் நெதர்லாந்தில் நடந்த உலகச் சம்பியன் போட்டியின்போது நடந்த ஒரு சம்பவம் பின்னாளில் அமெரிக்க விசாரணை அறிக்கையில் பதிவாகியது. பரிசோதகர் வந்துவிட்டார், பின்னாளில் ஏழு தடவை டூர் டி பிரான்ஸை வென்ற அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் இரத்தம் தடித்திருக்கிறது, அணி வைத்தியர் வெளியே சென்று, ஒரு லீற்றர் சேலைன் பையை மழை அங்கியின் உள்ளே மறைத்து, பரிசோதகரின் முன்னாலேயே நடந்து சென்று அறைக்குள் ஏற்றிவிட்டார். இரத்தம் ஐதாகியது, பரிசோதனையில் தேறினார். அந்த மழை அங்கியை நினைக்கும்போதெல்லாம் அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் விடயம் தெரிந்திருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அதே 1998 ஜூலை 8ஆம் திகதி பெல்ஜியம்–பிரான்ஸ் எல்லையில் ஃபெஸ்ட்டினா அணியின் உடல் பிடித்துவிடும் ஊழியரான வில்லி வோயெட் ஓட்டிச் சென்ற அணி வாகனத்தைச் சுங்க அதிகாரிகள் நிறுத்தினர். உள்ளே ஈ.பி.ஓ., வளர்ச்சி ஓமோன், டெஸ்டொஸ்டிரோன் என நானூறுக்கும் மேற்பட்ட மருந்துப் பொருட்கள் இருந்தன. அவ்வருட டூரில் 189 பேர் புறப்பட்டு 96 பேரே பரிஸ் வந்து சேர்ந்தனர். அணிகள் வெளியேற்றப்பட்டதும் தாமாக விலகியதும் அதற்குப் பெருங்காரணம். அந்த அணியின் நட்சத்திரம் ரிஷார் விரோங்க் இரண்டு ஆண்டுகளாக மறுத்துவிட்டு, 2000 ஒக்டோபரில் லீல் நகர நீதிமன்றத்தில் நீதிபதி நேரடியாகக் கேட்டபோதுதான் ஒப்புக்கொண்டார்.

இவ்வளவு பேருக்குத் தெரிந்திருந்தும் ஒருவரும் ஏன் சொல்லவில்லை?

சொன்னார்கள். சொன்னவர்களுக்கு நடந்ததை மற்றவர்கள் பார்த்தார்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் வாசிக்க நேரமில்லாவிட்டாலும் இந்தப் பதிலை வாசியுங்கள்.

கிறிஸ்தோஃப் பாசோன் என்ற பிரெஞ்சு வீரர் ஃபெஸ்ட்டினா அணியில் மருந்து எடுக்காமல் இருந்தவர். விசாரணையில் அவருடைய சக வீரர்களே அப்படிச் சாட்சி சொன்னார்கள். 1999 டூரின்போது வேறு அணிக்காக ஓடிக்கொண்டே ஒரு பத்திரிகையில் அவர் எழுதினார். ஓட்டத்தின் வேகம் நம்பும்படியாக இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கூட்டத்தில் ஒருவரும் அவருடன் கதைக்கவில்லை. முன்னணியில் இருப்பவருக்குரிய மஞ்சள் சட்டையுடன் ஓடிய ஆம்ஸ்ட்ரோங் அவர் பக்கமாக வந்து வீட்டுக்குப் போகச் சொன்னார். பாசோன் போட்டி முடியுமுன் உடைந்துபோய் விலகினார். இன்னும் இரண்டு வருடத்தில் தொழில்முறை ஓட்டத்தையே விட்டுவிட்டார். சைக்கிளோட்டம் தெரிந்தவர்களுக்கு இதன் கொடுமை விளங்கும். நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக ஓடும்போது முன்னால் போகிறவனின் பின்னால் ஒதுங்கித்தான் காற்றிலிருந்து தப்ப முடியும். நிலாவெளி வீதியில் கச்சான் அடிக்கும்போது தனியாக ஓடிப் பார்த்த எங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். கூட்டம் ஒருவனை ஒதுக்கிவிட்டால் அவனால் ஓடவே முடியாது.

இத்தாலிய வீரர் பிலிப்போ சிமியோனி, ஆம்ஸ்ட்ரோங்குடனும் வேலை செய்த வைத்தியர் மிக்கேலே ஃபெராரிக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர். 2004 டூரின் பதினெட்டாம் நாள் அவர் கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னால் ஓடிய சிலருடன் சேரப் புறப்பட்டபோது, வெற்றியை ஏறத்தாழ உறுதிசெய்துவிட்ட ஆம்ஸ்ட்ரோங் அவரைத் துரத்திச் சென்று பிடித்தார். ஆம்ஸ்ட்ரோங் கூடவே இருக்கும்வரை கூட்டம் அவர்களைத் தப்பவிடாது என்பதால் சிமியோனி பின்வாங்க நேர்ந்தது. திரும்பி வரும்போது ஆம்ஸ்ட்ரோங் ஒளிப்படக் கருவிகளைப் பார்த்து வாயைப் பூட்டுவதுபோலச் சைகை காட்டினார். ஆம்ஸ்ட்ரோங்கின் அணியில் வேலை செய்த எம்மா ஓ'ரைலி, 1999இல் ஒரு மருந்துச் சீட்டுக்குப் பழைய திகதி இட்டு அவருடைய ஒரு பரிசோதனை முடிவை மூடிய கதையைச் சொன்னதற்காக வழக்கையும் அவதூறையும் வருடக்கணக்கில் சுமந்தார்.

இத்தாலியர்களிடம் இந்த மௌனத்துக்கு ஓமெர்த்தா என்று ஒரு சொல் உண்டு. கள்ளக்கூட்டங்களின் வாய்ப்பூட்டைக் குறிக்கும் சொல் அது. சைக்கிளோட்டக்காரர்களும் அதையே பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் ஆம்ஸ்ட்ரோங் பற்றிய உண்மை எப்படி வெளியே வந்தது? மன்னிப்புக் கொடுத்ததாலா?

மன்னிப்பும் காரணம், பயமும் காரணம். இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததுதான் முக்கியம்.

2006 டூரை வென்று, டெஸ்டொஸ்டிரோன் பரிசோதனையில் பட்டத்தை இழந்த ஃபுளொய்ட் லாண்டிஸ் நான்கு வருடம் மறுத்துவிட்டு 2010இல் தன்னையும், முன்பு ஆம்ஸ்ட்ரோங்குடன் ஓடிய பழைய அணியையும் பற்றிய விபரங்களை மின்னஞ்சல்களில் எழுதினார். அதன்பின் அமெரிக்க மத்திய அரசின் குற்றவியல் விசாரணை தொடங்கியது. பழைய அணித்தோழர்கள் அழைக்கப்பட்டனர். பத்திரிகையாளரிடம் பொய் சொன்னால் ஒன்றும் ஆகாது. அரச விசாரணையில் பொய் சொன்னால் சிறை. அந்த விசாரணை 2012 பெப்ரவரியில் குற்றப்பத்திரம் எதுவும் இல்லாமல் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் பூட்டு உடைந்துவிட்டது. அமெரிக்க ஊக்கமருந்து எதிர்ப்பு முகவராண்மையின் தலைவர் ட்ராவிஸ் டைகார்ட் அதே வீரர்களிடம் சென்று, சத்தியக்கடதாசியில் முழுவதையும் சொன்னால் தடை குறையும் என்றார். 26 பேர் சாட்சி சொன்னார்கள். அவர்களில் 11 பேர் ஆம்ஸ்ட்ரோங்கின் முன்னாள் அணித்தோழர்கள். 2012 ஒக்டோபரில் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஆதாரங்களுடன் அறிக்கை வெளிவந்தது. சில நாட்களில் சர்வதேச ஒன்றியம் அதை ஏற்று 1999 முதல் 2005 வரையான ஏழு பட்டங்களையும் பறித்தது. இன்னமும் ஓடிக்கொண்டிருந்த லெவி லைப்ஹைமர், கிறிஸ்டியன் வான்ட வெல்ட, டேவிட் ஸப்ரிஸ்கி, டொம் டானியல்சன் ஆகியோருக்கு ஆறு மாதத் தடைதான் விதிக்கப்பட்டது. மருந்து எடுத்த காலத்துப் பெறுபேறுகளும் நீக்கப்பட்டன. ஆம்ஸ்ட்ரோங்குக்கும் கதைக்க வாய்ப்புக் கொடுக்கப்பட்டது. அவர் மறுத்தார், வாழ்நாள் தடை பெற்றார், 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார்.

இவ்வளவுக்கும் அடித்தளம் ஆய்வுகூடம் அல்ல. பரிசோதனைகள் பல வருடங்களாக அவரை விட்டுவிட்டன. மனிதர் வாய் திறந்தபோதுதான் முடிவு வந்தது.

வெறும் அழைப்பு விடுத்து, "வந்து சொல்லுங்கள்" என்று கேட்டால் வரமாட்டார்களா?

கேட்டுப் பார்த்தார்கள். சர்வதேச ஒன்றியத்தின் புதிய தலைவர் பிரையன் குக்சன் 2014 ஜனவரியில் ஓர் சுயாதீன ஆணைக்குழுவை அமைத்தார். சுவிஸ் நாட்டு முன்னாள் அரச சட்டத்தரணி டிக் மார்ட்டி தலைவர். தானாக வந்து சொல்பவர்களுக்குத் தண்டனையைக் குறைக்கப் பரிந்துரைக்கும் அதிகாரமும் இருந்தது. 174 பேரை நேர்கண்டு 2015 மார்ச்சில் அறிக்கையை வெளியிட்டார்கள். ஒன்றியம் ஆம்ஸ்ட்ரோங்குக்குச் சலுகை காட்டியதை அது நன்றாகவே வெளிப்படுத்தியது: 2009இல் அவர் மீண்டும் ஓட வந்தபோது, பரிசோதனைப் பட்டியலில் இருக்க வேண்டிய ஆறு மாதத்துக்கு 13 நாட்கள் குறைவாக இருந்தும் அவுஸ்திரேலியப் போட்டியில் ஓட அனுமதித்தார்கள். சிறிய அளவுகளில் மருந்தை ஏற்றிப் பரிசோதனையை ஏமாற்றும் புதிய முறை பற்றியும் எழுதினார்கள்.

ஆனால் அப்போது ஓடிக்கொண்டிருந்த வீரர்களில் மிகச் சிலரே முன்வந்தார்கள். அதற்காக அறிக்கையே வருந்துகிறது. எவ்வளவு பேர் மருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டபோது துறையில் மதிப்புப் பெற்ற ஒருவர் 90 சதவீதம் என்றாராம், இன்னொருவர் 20 சதவீதம் என்றாராம். கடந்த காலத்தை விளக்கிய ஆணைக்குழு நிகழ்காலத்தைத் தொட முடியாமல் போனதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. கட்டாயப்படுத்திச் சாட்சி எடுக்கும் அதிகாரம் அதற்கு இருக்கவில்லை, சத்தியத்தின் கீழ்ப் பொய் சொன்னதற்கு விலையும் இருக்கவில்லை. வீட்டில் சும்மா இருந்தாலும் ஒன்றும் நடக்காது என்று தெரிந்தவன் எதற்காகப் புகையிரதம் ஏறி வந்து தன் பிழையைச் சொல்வான்?

ஒப்புக்கொண்டவர்களை அணிகள் வேலையிலிருந்து நீக்கியது சரிதானே? சுத்தமான அணி வேண்டுமென்றால் அப்படித்தானே செய்ய வேண்டும்?

அது சரியென்று தோன்றும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 2012 ஒக்டோபரில் லைப்ஹைமர் தன் பங்கை ஒப்புக்கொண்ட சில நாட்களில் அவருடைய அணி அவரை நீக்கியது. அதே மாதம் ஸ்கை அணி, தன் ஊழியர்கள் எல்லோரும் தமக்குக் கடந்த காலத்தில் ஊக்கமருந்துத் தொடர்பு எதுவும் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றது. பயிற்றுநர் பொபி ஜூலிக், அணி இயக்குநர் ஸ்டீவன் ட யொங் ஆகிய இருவர் உண்மையைச் சொல்லி வேலையை இழந்தார்கள். பொய் சொல்லிக் கையொப்பமிட்டிருந்தால் வேலை இருந்திருக்கும். ஒரு விதி உண்மை சொன்னவனை மட்டும் பிடிக்குமானால், அடுத்த வருடம் அந்த அணியில் உண்மை சொல்ல எவன் வருவான்?

எதிர்ப்பக்கத்தில் பிரித்தானிய வீரர் டேவிட் மில்லர் இருக்கிறார். 2004இல் பிரெஞ்சுப் பொலிஸார் பிடித்தபோது ஒப்புக்கொண்டு, இரண்டு வருடத் தடையை முழுமையாக அனுபவித்து, மீண்டும் வந்து, மருந்துக்கு எதிராக வெளிப்படையாகப் பேசும் ஒருவராக மாறினார். அவரை ஒரு அணி ஏற்றுக்கொண்டதால்தான் அது நடந்தது.

நேர்மையாக ஓடியவனுக்கு இதில் என்ன நியாயம்? அவன் தோற்றான், ஏமாற்றியவன் ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டான்.

இந்தக் கேள்விக்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. இருப்பதாகச் சொல்பவர்களை நான் நம்புவதுமில்லை. ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழு பட்டங்களும் வேறு எவருக்கும் கொடுக்கப்படாமல் வெறுமையாகவே விடப்பட்டன, ஏனெனில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்தவர்களில் பலரும் சந்தேகத்துக்கு உட்பட்டவர்கள். அந்த ஏழு வருடங்களில் நாற்பதாவதாக வந்த, மருந்தே தொடாத ஒருவன் எங்கேயாவது இருந்தால், அவன் உண்மையில் எத்தனையாவதாக வந்தான் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அவன் இழந்தது பரிசுப் பணம் மட்டுமன்று; அடுத்த வருட ஒப்பந்தம், அதன்மூலம் ஓடியிருக்கக்கூடிய பத்து வருடம் எல்லாம் போய்விட்டன.

ஆகவே உண்மை கூறும் எந்த ஏற்பாட்டிலும் முதலில் அழைக்கப்பட வேண்டியவர்கள் பாசோன் போன்றவர்கள் என்பது என் உறுதியான கருத்து. நடந்த விசாரணைகளில் பெரும்பாலானவை ஏமாற்றியவனின் கதையை மையமாக வைத்தன. அவனுடைய மனப்போராட்டம், அவனுடைய கண்ணீர். துரத்தப்பட்டவன் தன் இழப்பைச் சொல்லவும், அது பதிவாகவும், சம்பந்தப்பட்டவர்கள் அவன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கவும் ஓர் இடம் வேண்டும்.

"உண்மையும் நல்லிணக்கமும்" என்பது தென்னாபிரிக்கச் சொல். அதை விளையாட்டுக்கு எடுக்கலாமா? அதுவும் எங்கள் ஊரில்?

நான் இதைத் தயக்கத்துடனேயே எழுதுகிறேன். நிறவெறி ஆட்சிக்காலக் கொடுமைகளை விசாரித்த, டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான தென்னாபிரிக்க ஆணைக்குழுவிடம் மன்னிப்புக் கேட்டு 7,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன, பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. முழுமையாகச் சொல்லாதவருக்கு மன்னிப்பு இல்லை என்ற நிபந்தனை அங்கே இருந்தது. பலர் "எல்லோரையும் மன்னித்த ஆணைக்குழு" என்று நினைப்பது தவறு. சைக்கிளோட்டம் அங்கிருந்து கற்கக்கூடியது அந்த நிபந்தனையைத்தான்.

எங்கள் ஊரில் இந்தச் சொற்களுக்கு வேறு கனம் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆணைக்குழு வந்தது, வழக்கும் வந்தது. சாட்சிகள் பயத்தால் நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென்று, குற்றம்சாட்டப்பட்ட 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் முன்னால் ஒரு சைக்கிள் போட்டியின் ஏமாற்றை "பாதிக்கப்பட்டோர்", "நல்லிணக்கம்" போன்ற சொற்களால் பேச எனக்கு மனம் வராது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கவும் மாட்டேன். ஆனால் சாட்சிக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் ஆணைக்குழு என்ன ஆகும் என்பதை எங்கள் ஊருக்கு ஒருவரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. அதனால்தான் இந்த விடயத்தில் "முதலில் சாட்சியைக் காப்பாற்றுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வீரர்களிடம் எடுத்த பழைய இரத்த, சிறுநீர் மாதிரிகளைப் புதிய முறையில் பரிசோதித்தால் போதாதா? மன்னிப்பு எதற்கு?

பரிசோதனை தேவை, ஆனால் அது கையில் ஊசி வைத்திருந்தவனின் பெயரைச் சொல்லாது. 2006இல் ஸ்பானியப் பொலிஸார் வைத்தியர் எயுஃபெமியானோ ஃபுவென்ரஸின் இடங்களில், வீரர்களுக்குத் திரும்ப ஏற்றுவதற்காக எடுத்துவைத்த, குறியீடுகள் எழுதிய இரத்தப் பைகளைக் கைப்பற்றினார்கள். 2013இல் நீதிபதி ஒருவர் அவற்றை அழிக்க உத்தரவிட்டார். விளையாட்டு அமைப்புகளிடம் கொடுக்கலாம் என்று மேல்முறையீட்டில் முடிவாக 2016 ஆகியது. அதற்குள் நடவடிக்கைக்கான காலம் பெரும்பாலும் கடந்துபோயிருந்தது.

அரைகுறை ஒப்புதல் என்று இன்னொன்றும் உண்டு. ஜேர்மனிய வீரர் எரிக் ஸாபல் 2007இல் கண்ணீருடன், 1996இல் ஒரு வாரம் மட்டும் ஈ.பி.ஓ. எடுத்ததாகச் சொன்னார். 2013இல் 1998ஆம் ஆண்டு மாதிரிகளின் மறுபரிசோதனை பற்றிய பிரெஞ்சு செனட் அறிக்கை வந்தபின்தான் பல வருடங்கள் எடுத்ததை ஒப்புக்கொண்டார். மாதிரி இல்லாமல் வாக்குமூலத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஒரு வாரக் கதையே வரலாறாகியிருக்கும். ஆகவே உறைகுளிரில் வைத்த மாதிரிப் போத்தல்களும் வேண்டும், மனிதரும் வேண்டும்.

மன்னித்த பிறகு மருந்து நின்றதா?

குறைந்தது என்று நம்பக் காரணங்கள் உண்டு. 2008இல் தொடங்கிய உயிரியல் கடவுச்சீட்டு, வீரரின் இரத்த அளவுகளை வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 2021 முதல் பரிசோதனை வேலையைச் சர்வதேசப் பரிசோதனை முகவராண்மை செய்கிறது. நிற்கவில்லை என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2019இல் ஒஸ்திரியாவிலும் ஜேர்மனியிலும் நடந்த பொலிஸ் நடவடிக்கையில் இரத்தம் ஏற்றிய வைத்தியருடன் இரண்டு ஒஸ்திரிய சைக்கிளோட்ட வீரர்களும் அகப்பட்டார்கள். ஆறு மாதத் தடையுடன் திரும்பிய டானியல்சன் 2015இல் மீண்டும் பரிசோதனையில் சிக்கி நான்காண்டுத் தடை பெற்றார். மன்னிப்பைப் பெற்ற ஒருவர் மீண்டும் விழுந்தால் அடுத்த தடவை சலுகையே இருக்கக்கூடாது.

இதெல்லாம் ஐரோப்பாவில் கோடிக்கணக்கான பணத்துக்காக நடந்தவை. திருகோணமலையில் சித்திரை வருடப்பிறப்புப் போட்டி ஓடும் பிள்ளைகளுக்கு ஏன்?

பணம் இல்லாத இடத்திலும் மருந்துப் போத்தல் வந்துவிடுகிறது. எங்கள் நாட்டில் 2013இன் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊக்கமருந்து எதிர்ப்பு முகவராண்மை இயங்குகிறது. தேசிய மட்டத்துக்குப் போகும் எந்தப் பிள்ளையிடமும் மாதிரி எடுக்கப்படலாம். உடலுக்குள் போனதற்கு வீரரே பொறுப்பு என்பது உலகெங்கும் ஒரே விதி. கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க 2011இல் தோள் உபாதைக்கு எடுத்த மூலிகை மருந்தால் மூன்று மாதத் தடை பெற்றார். மறுபக்கத்தில் குசல் பெரேராவை நினைவில் வையுங்கள்: ஆய்வுகூடத்தின் பிழையான முடிவால் 2015 டிசம்பரில் இடைநிறுத்தப்பட்டு, உலக இருபது ஓவர் கிண்ணத்தையும் இழந்து, 2016 மே மாதத்தில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். ஆகவே ஒருவரின் பெயர் வெளியே வந்த அன்றே அவரைக் கள்ளன் என்று முகநூலில் எழுதாதீர்கள்.

தெரியாமல் எதையாவது எடுத்துவிட்ட பிள்ளை யாரிடம், எப்படிச் சொல்ல வேண்டும்?

முதலில் போத்தலை எறியாதீர்கள். உறை, மிச்சமுள்ள குளிசை, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் வைத்திருங்கள். எங்கிருந்து வந்தது என்பதை நிறுவ அவைதான் உதவும். வைத்தியர் எழுதிய மருந்தானால் சீட்டை வைத்திருந்து, போட்டிக்கு முன்பே சிகிச்சைக்கான விலக்குக் கேளுங்கள். பிறகு நம்பக்கூடிய பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவராக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், என் சொந்தப் பிழையிலிருந்து. சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் தேநீர்க் கடையில் எல்லோர் முன்னும், உடற்பயிற்சி நிலையத்தில் தந்த பொடியைக் குடித்ததாகச் சொன்னான். நான் அவ்விடத்திலேயே ஏசினேன். அடுத்த கிழமை அவன் வரவில்லை; பிறகு வரவேயில்லை. அதைவிட மோசம், அந்தப் பருவம் முழுவதும் வேறு எந்தப் பிள்ளையும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கொடுத்தால் பிள்ளைகள் துணிந்துவிட மாட்டார்களா?

நிபந்தனை இல்லாமல் கொடுத்தால் துணிவார்கள். கடந்த வருடம் பதினேழு வயதுப் பையன் ஒருவன் தேநீர் குடித்து முடிந்து மற்றவர்கள் சைக்கிளில் ஏறியபின் பின்தங்கி நின்றான். "சேர், வேறொரு பெடியன் குளிசை போட்டிருந்தால் அவனைக் கழகத்தால் நிறுத்துவீர்களா?" என்று கேட்டான். அந்த வேறொரு பெடியன் யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவன் கை சீற்றுக்குக் கீழேயிருந்த சிறு பையைப் பிடித்தபடியே இருந்தது. நான் ஏசவில்லை. "வரும் போட்டியில் அவன் ஓட முடியாது, ஆனால் கழகத்தில் இருப்பான், தந்தவர் யார் என்பதையும் அவன் சொல்ல வேண்டும், அப்பாவிடம் அவனே சொல்ல வேண்டும், நான் கூட வருவேன்" என்றேன். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துவிட்டுப் பையைத் திறந்தான். பயிற்சிக் கொப்பித் தாளில் சுற்றிய வெள்ளைப் போத்தல், லேபல் இல்லை, உள்ளே பதினொரு குளிசைகள்.

போத்தலை ஒரு வைத்தியரிடம் கொண்டுபோனோம். என்ன என்று தெரியாத எதையும் இனி விழுங்க வேண்டாம் என்று அவர் அவனிடம் நேரடியாகச் சொன்னார். அன்றிரவே தகப்பனிடமும் சொல்லப்பட்டது. போட்டியில் அவன் ஓடவில்லை. நிலாவெளிச் சந்தியில் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். தந்தவரின் பெயரை மட்டும் இரண்டு கிழமை சொல்லவில்லை. ஒரு நாள் திரும்பி வரும் வழியில், சாம்பல்தீவுப் பாலத்தடியில், என் பக்கமாக ஓட்டி வந்து பெயரைச் சொன்னான்; வேறு மூன்று பிள்ளைகளுக்கும் அவரே கொடுத்தார் என்றும் சொன்னான். அந்த மூன்று வீடுகளுக்கும் அன்று மாலையே போனேன். உரிய அதிகாரிகளுக்கு எழுத்தில் அறிவித்த கடிதத்தில் அவனுடைய பெயர் இல்லை.